மூடைக்காரர் தெருவில் தூக்க முடியாத பிள்ளை

பருப்புக்கும் மல்லிக்கும் மிளகாய் வற்றலுக்கும் பேர்போன எங்கள் ஊரில், கமிஷன் கடைகளுக்குப் பின்னால், குடோன் சுவர்களின் நிழல் விழுகிற இடத்தில், மூடை தூக்கிப் பிழைக்கிறவர்கள் மட்டுமே குடியிருக்கிற ஒரு தெரு உண்டு. அந்தத் தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கருத்தப்பாண்டியின் மகள் தன்ஷிகாவை யாராலும் தூக்க முடியாமல் போயிற்று.

பிள்ளைக்கு இரண்டரை வயது. முந்தின நாள் வரை அவளை அவள் அம்மா காளீஸ்வரி ஒரு கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறுகையால் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு போனதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்திருக்கிறோம். அன்றைக்குத் தெருக்குழாயில் கூட்டம், வரிசையில் குடம் வைக்க இரண்டு கையும் தேவைப்பட்டது, அதனால் பிள்ளையைக் குழாயடியில் இறக்கிவிட்டாள். குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிக் குனிந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள், வரவில்லை. காலை அகட்டி நின்று மறுபடி தூக்கினாள், வரவில்லை. பிள்ளையோ அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் கல்தூண் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அவமானம்தான் இருந்தது. கனத்த மூடையை முதுகில் போட்டுக்கொண்டு சாய்த்து வைத்த பலகையில் ஏறி லாரி உயரத்துக்கு அட்டி அடுக்குகிறவர்கள் அவர்கள், அதிலும் கருத்தப்பாண்டி தூக்கினால் மூடை தானே ஏறி உட்காரும் என்று வியாபாரிகள் சொல்வார்கள், அப்பேர்ப்பட்டவன் பெற்ற பிள்ளை அவன் கைக்கு அசையவில்லை. இரண்டு பேர் பிடித்தார்கள், பிறகு நாலு பேர், பிறகு வடக்கயிறும் சவுக்குக் கட்டையும் வந்தன, கடைசியில் லாரி ஷெட்டிலிருந்து ஜாக்கி வந்தது. ஜாக்கியின் பல் உடைந்து தெறித்தபோது பிள்ளை கைதட்டினாள். அவளைச் சுற்றித் தரை நாலு விரல்கடை கீழே இறங்கியிருந்தது.

கயிறு கட்டியபோதும் கட்டை கொடுத்தபோதும் "தூக்கு" என்று குரல் கொடுத்தவர் சோலையப்பன் மேஸ்திரி. இந்தத் தெருவின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மேஸ்திரி "தூக்கு" என்று சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு மூடையும் தரையை விட்டு எழும்பாது, "எறக்கு" என்று சொல்லாமல் ஒரு மூடையும் தோளை விட்டு இறங்காது, இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் சுமப்பவன் வாயைத் திறக்கவே கூடாது, திறந்தால் மூச்சுப் போகும், மூச்சுப் போனால் கழுத்துப் போகும். மூடைக்கு வைத்த இந்தச் சட்டத்தை எங்கள் சனம் தெரியாமலே எல்லாச் சுமைக்கும் வைத்துக்கொண்டது. குடம் சுமந்தாலும் பேச மாட்டோம், சாமி சப்பரம் சுமந்தாலும் பேச மாட்டோம், பிள்ளையைச் சுமந்தாலும் உதட்டைப் பூட்டிக்கொண்டுதான் நடப்போம்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனால் குறை ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அவர்களை யாரும் அதிக நேரம் சுமப்பதில்லை, அடுத்தது பிறந்ததும் முந்தினது புழுதிக்கு வந்துவிடும், புழுதியில் கிடந்து தானே சண்டை போட்டுத் தானே பேசிக்கொள்ளும். தன்ஷிகா அப்படி அல்ல. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. எறும்பு கடிக்கும் என்று தரையில் விட மாட்டார்கள். குடோனில் மல்லி சலிக்கும்போதும் காளீஸ்வரி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சலிப்பாள், சாயங்காலம் கருத்தப்பாண்டி வந்து தோளுக்கு மாற்றிக்கொள்வான். அந்த உயரத்தில் இருந்து பிள்ளை ஊர்ப் பேச்சை எல்லாம் கேட்டாள், ஏலம் கேட்டாள், சண்டை கேட்டாள், லாரிக்காரன் வைகிற வசவும் கேட்டாள், அவளிடம் மட்டும் யாரும் பேசவில்லை, அவளும் யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளை அங்கேயே தங்கிவிட்டாள் என்றதும் தெரு அவளுக்கு ஏற்ற மாதிரி வளைந்துகொண்டது. கருத்தப்பாண்டி லாரித் தார்ப்பாயைக் கொண்டுவந்து நாலு கம்பில் கட்டினான், கூரையாயிற்று. காளீஸ்வரி பாயையும் தலையணையையும் அடுப்பையும் குழாயடிக்கே கொண்டுவந்தாள், வீடாயிற்று. குழாய் பக்கத்திலேயே இருந்ததால் பிள்ளையைக் கழுவிவிடுவதற்கும் கஷ்டம் இல்லை. தண்ணீர் வரிசை அவளைச் சுற்றிப் போனது, சைக்கிள்கள் மணி அடித்து ஒதுங்கின, கல்யாண வீட்டு மேளம் அவள் முன்னால் நின்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. தபால்காரர் கூட, "குழாயடியில இருக்குற பிள்ளைக்கு எதுத்த வீடு" என்று விலாசம் சொன்னால் புரிந்துகொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

எல்லோருக்கும் பழகிவிட்டது, காளீஸ்வரிக்கு மட்டும் பழகவில்லை. பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள், சோறு ஊட்டலாம், தலை வாரலாம், கட்டிக்கொள்ளலாம், தூக்க மட்டும் முடியாது. நடக்கும்போது அவளையறியாமல் இடது பக்கமாகவே சாய்ந்து நடந்தாள்.

"எதுத்த வீட்டு மதினி" என்று அவள் கூப்பிடுகிற பாக்கியத்திடம் ஒருநாள் சொல்லி அழுதாள். "சும்மா இருக்குற இடுப்பு வலிக்குது மதினி. சொமை இருந்தப்போ வலிச்சதே இல்ல. எம்பிள்ளைய ஒரு தடவ தூக்கி வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடந்துட்டேன்னா போதும்."

 யாராவது அழுதால் சும்மா இருக்க முடியாத பிறவி பாக்கியம். குழாயில் தண்ணீர் வர நேரமாகும் என்று பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் பிள்ளையின் முன்னால் வைத்து, உள்ளங்கையால் தட்டி, "டம்" என்றாள். பிள்ளை குடத்தைப் பார்த்தாள். பாக்கியம் மறுபடி தட்டி "டம்" என்றாள். மூன்றாவது தடவை கையை ஓங்கிவிட்டு, தட்டாமல், கண்ணை உருட்டிக்கொண்டு அப்படியே நிறுத்தினாள். பிள்ளை காத்துப் பார்த்தாள், கை இறங்கவில்லை, பொறுக்க முடியாமல் தானே குடத்தில் அடித்து "டம்" என்றாள்.

வரிசையில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த சோலையப்பன் மேஸ்திரி, பழக்க தோஷத்தில் பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தராசு பொய் சொன்னாலும் சொல்லும், எங்கள் ஆட்களின் கை சொல்லாது.

"கொறஞ்சிருக்கு," என்றார். "அரைப்படி மல்லி அளவு கொறஞ்சிருக்கு."

"பின்ன?" என்றாள் பாக்கியம். "குடோன்ல சரக்க எறக்கிக்கிட்டே இருந்து, வெளிய ஒரு மூடையும் அனுப்பலேன்னா என்னத்துக்கு ஆகும்? காதுல விழுந்தது அம்புட்டும் பிள்ளைக்கு உள்ளேயே கெடக்கு."

இதற்கு மேல் விளக்கம் எங்கள் தெருவுக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம்தான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம், மூடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒரு சொல்லுக்கு அரைப்படி குறைகிறது என்றால் சீக்கிரமாக இறக்கிவிட வேண்டியதுதானே என்று, லாரிக்கு ஆள் பிரிக்கிற மாதிரியே பிள்ளைக்கும் ஆள் பிரித்தோம். காலை ஷிப்டுக்கு ஒரு கும்பல், மத்தியானத்துக்கு ஒரு கும்பல். சங்கத்துச் செயலாளர் ஆப்பிள் படமும் யானைப் படமும் போட்ட பெரிய அட்டையை வாங்கிவந்து தார்ப்பாய்க் கம்பில் மாட்டினார். அகலமான நெஞ்சும் கரகரத்த தொண்டையும் உள்ள ஆண்கள் வரிசையாக வந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "சொல்லு, ஆப்பிள் சொல்லு, யானை சொல்லு, ஏன் சொல்ல மாட்டேங்குற, சொல்லு" என்று சுமையை இறக்கச் சொல்லி அதட்டினார்கள். பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சொன்னது எல்லாம் உள்ளே போயிற்று, ஒன்றும் வெளியே வரவில்லை, மூன்றாம் நாள் தரை படீரென்று வெடித்துக் குழாய் வளைந்து தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது.

நனைந்துபோய் நின்ற காளீஸ்வரி, செயலாளரின் அட்டையைக் கம்பிலிருந்து பிடுங்கினாள். அவள் சத்தம் போட்டு நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

"போங்க எல்லாரும்! இது மூடை இல்ல, எம்பிள்ள! வெளையாட வாரவுக மட்டும் வாங்க, வேல பாக்க வாரவுக ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது!"

தெரு தலை குனிந்து வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் காலையில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தது, இந்தத் தடவை வெறுங்கையோடு, கூச்சத்தோடு. வந்த பிறகுதான் தெரிந்தது, எங்களில் பாதிப் பேருக்கு விளையாடத் தெரியவில்லை. விளையாடுவதற்குப் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார வேண்டும், உட்கார்ந்து அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பார்க்க வேண்டும், அவள் சொல்ல வருகிறவரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சுமையில்லாமல் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத சனம் இதைக் கற்றுக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் கற்றுக்கொண்டது. டீக்கடை இருளப்பன் இரண்டு டம்ளருக்கு நடுவில் டீயை நீளமாக ஆற்றிக்காட்டி "சொய்ங்ங்" என்பான், பிள்ளை "சொய்" என்பாள், கையளவு கனம் குறையும். தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை ஒருவன் முகத்தில் போட்டு மூடிக்கொண்டு "காணோம்" என்பான், விலக்கி "இந்தா" என்பான், அப்புறம் பிள்ளை துணியைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டு "காணோ" என்பாள், கனம் குறையும். அவள் "காக்கா" என்று கை நீட்டினால் பாக்கியம் அதோடு விடமாட்டாள், "ஆமா, கறுப்புக் காக்கா, வடை திங்குற காக்கா" என்று ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள், இரண்டு நாளில் அது பிள்ளையின் வாயிலிருந்து "கப்பு காக்கா" என்று திரும்பி வரும். உள்ளே போனது அதிகம், வெளியே வந்தது கொஞ்சம், ஆனாலும் கனம் குறைந்துகொண்டே வந்தது, எப்படி என்று கணக்குப் பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை, நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம்.

"அம்மா" என்று அவள் முதலில் சொன்னபோது காளீஸ்வரி பக்கத்தில் இல்லை. பாக்கியம் குடோனுக்கு ஓடிப்போய்ச் சொல்ல, சல்லடையைப் போட்டது போட்டபடி அவள் ஓடிவந்தாள், வருவதற்குள் பிள்ளை நாய்க்குட்டியை அம்மா என்று கூப்பிட்டு, வளைந்த குழாயை அம்மா என்று கூப்பிட்டு, இருளப்பனின் டீக்கெட்டிலையும் அம்மா ஆக்கியிருந்தாள். காளீஸ்வரி கோபித்துக்கொள்ளவில்லை. "அம்புட்டுப் பேரும் அம்மாவா இருந்துட்டுப் போறாக," என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பின் நடுவிலேயே அழுதாள்.

கருத்தப்பாண்டி மட்டும் விளையாட வரவில்லை. தினமும் சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிப் பார்ப்பான், முடியாது, போய்விடுவான். சுமைக்குக் கீழே வாழ்ந்தே பழகியவனுக்கு மகளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோன் லீவு, அவன் வந்தான், தூக்கவில்லை, பிள்ளைக்கு எதிரே தரையில் மல்லாந்து படுத்து, கை கால்களை மடக்கி, வயிற்றை உப்ப வைத்துக்கொண்டான். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு, அவன் விலாவில் கையை வைத்துத் தள்ளினாள். ஊரிலேயே பெரிய லோடுமேன் மூடை மாதிரி உருண்டு, "டொப்பு" என்று விழுந்தான்.

பிள்ளை சிரித்த சிரிப்பில் தார்ப்பாய் ஆடியது. "டொப்பு," என்றாள். பிறகு, "இன்னும்," என்றாள்.

அவன் இன்னும் உருண்டான். தெரு முழுவதும் சுற்றி நின்று பார்க்க, வேட்டி எல்லாம் புழுதியாக, "டொப்பு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டு பொழுது சாயும்வரை உருண்டான். எழுந்து மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏ காளி, எங்கிட்டப் பேசிட்டாடீ," என்றான்.

இப்படியே இருந்திருந்தால் நிதானமாக முடிந்திருக்கும். ஐப்பசி அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் தெரு பள்ளம், பஜார்த் தண்ணீர் மொத்தமும் குழாயடிக்குத்தான் வந்து சேரும். மேகம் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து காளீஸ்வரி சோறு தின்னவில்லை. பிள்ளைக்கு அப்போதும் ஒரு வண்டிச் சரக்கின் கனம் இருந்தது. பிள்ளையைச் சுற்றி மணல் மூடை அடுக்கினார்கள், சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள், எதற்கும் மழை காத்திருக்கவில்லை, ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மணல் கரைந்தது, தார்ப்பாய் பறந்தது, மிளகாய்த் தூசியும் மல்லிச் சருகும் மிதக்கிற செந்தண்ணீர் பஜாரிலிருந்து இறங்கிப் பிள்ளையின் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது.

பாதி ஆட்கள் குடோனிலிருந்து ஓடிவந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று தண்ணீருக்குள் கையை விட்டு, பிள்ளையின் கீழே விரலோடு விரல் கோத்து, குனிந்து, மூச்சைப் பிடித்தார்கள். எதிரே காளீஸ்வரி முழங்கால் போட்டு உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே ஏந்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் மேஸ்திரியின் குரலுக்குக் காத்திருந்தார்கள். சோலையப்பன் மேஸ்திரி வாயைத் திறந்தார், தலையிலிருந்து வழிகிற மழையோடு கண்ணீரும் வழிய நின்றாரே தவிர, வாழ்நாளெல்லாம் சொன்ன அந்த ஒரு சொல் வரவில்லை. சொல்லாமல் தூக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது.

பிள்ளை அவர்களைப் பார்த்தாள். குனிந்த முதுகுகளைப் பார்த்தாள், மேஸ்திரியின் திறந்த வாயைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கையையும் தண்ணீரிலிருந்து எடுத்து அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"தூக்கு," என்றாள்.

தெள்ளத் தெளிவாக, மழைக்கு மேலே, பஜார் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். குடோன் வாசலில் நனையாமல் சரக்கேற்றிக்கொண்டிருந்த மீதி ஆட்கள் யார் சொன்னது என்று பார்க்காமல் குனிந்து மூடையைத் தூக்கினார்கள், டீக்கடையில் இருளப்பன் கெட்டிலைத் தூக்கினான், பாக்கியம் வாசலில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. குழாயடியில் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் உயிரைக் கொடுத்து எக்கினார்கள், எக்கிய வேகத்தில் எல்லோரும் தண்ணீரில் மல்லாந்து விழுந்தார்கள், ஏனென்றால் தூக்குவதற்கு அங்கே கனம் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை ஏற்கெனவே அம்மாவின் இடுப்பில் இருந்தாள்.

இரண்டரை வயதுப் பிள்ளை எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தாள்.

காளீஸ்வரி தண்ணீரை மிதித்துக்கொண்டு நடந்தாள். விழுந்து எழுந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் உதடுகள் வழக்கம்போலப் பூட்டித்தான் இருந்தன, இரண்டு வீடு தாண்டும்வரை அப்படித்தான் இருந்தன. பிறகு எங்கள் தெருவில் சுமையோடு நடக்கிற எவரும் செய்யாததைச் செய்தாள், வாயைத் திறந்தாள். "மழ பாருத்தா," என்றாள். "எம்புட்டு மழ. அந்தா பாரு, இருளப்பன் மாமா கடப் பெஞ்சு மெதக்குது. அந்தா ஒங்கப்பா, சேத்துல உருண்டு வந்துருக்காரு பாரு." நாங்கள் பயந்தபடி அவளுக்கு மூச்சுப் போகவில்லை, கழுத்தும் போகவில்லை. பக்கத்தில் நடந்த கருத்தப்பாண்டி, "டொப்பு," என்றான், பிள்ளை கெக்கலித்தாள்.

வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீரில் ஒரு தவளை குதித்தது. பிள்ளை இடுப்பில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள், காலை உதறினாள்.

"அம்மா, எறக்கு."

அதுவும் பஜார் வரைக்கும் கேட்டது. குடோன் வாசலில் மூடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின, இருளப்பன் கெட்டிலை இறக்கினான், பாக்கியம் அம்மிக்குழவியைக் கால் மேல் போட்டுக்கொண்டு கத்தினாள்.

காளீஸ்வரி பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன், போ," என்றாள்.

எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒருவர் கீழ்ப்படியாமல் நின்றது அதுதான் முதல் தடவை.